ரிப்பேர் கடையில கேளு, பேராண்டி!

டேப் வாங்கப் போறியாமே, அப்பு? உங்க அப்பத்தா சொன்னா. வாங்கு, தாராளமா வாங்கு. சைட்டுல பிளான் பாக்குறதுல இருந்து ராத்திரி பில்லு போடுற வரைக்கும் எல்லாத்தையும் அந்த ஒத்தக் கண்ணாடிப் பலகையிலயே முடிச்சுருவேன், இனிமே லேப்டாப்பே வேணாம்னு அவகிட்டச் சொன்னியாம். அவளும் "எம் பேரன் பலகையிலயே வீடு கட்டிப்புடுவான்"னு தெரு முச்சூடும் சொல்லி முடிச்சுட்டா. இனிமே நீ வாங்காம இருந்தாத்தான் நம்ம குடும்பத்துக்குக் கேவலம்.

அதனால வாங்காதேன்னு நான் வாயைத் தொறக்க மாட்டேன். எப்படி வாங்குறதுன்னு மட்டும் ரெண்டு வார்த்தை. காதுல சொருகியிருக்கிற அந்த வெள்ளைக் கொட்டையைக் கழட்டிட்டு இப்படித் திண்ணையில உக்காரு.

நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். ராப்பகலா யூடியூப்பைப் பாப்ப. அதுல ஒருத்தன் அட்டைப்பெட்டியைப் பிரிப்பான். முத்தம் குடுக்காத குறையாத் தடவித் தடவிக் காட்டுவான். நீயும் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாப்ப. ஏன்டா, பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே கெட்டுப்போன சாமானை எங்கயாச்சும் பாத்திருக்கியா? அப்புறம் கடைக்குப் போவ. அங்க டை கட்டுன தம்பி ஒருத்தன் "சார், இது எட்டு கோர், அது பத்து கோர்"ம்பான். நீ தலையாட்டுவ. கோருன்னா என்னன்னு அவனுக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது. தெரியாத ரெண்டு பேரும் சேந்து உங்கப்பன் காசை எண்ணி முடிச்சுருவீங்க.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். எந்தச் சாமானா இருந்தாலும் விக்கிறவன்கிட்டக் கேக்காத, அதை ரிப்பேர் பாக்குறவன்கிட்டக் கேளு. விக்கிறவன் அது நல்லா இருக்கிற அன்னிக்கு மட்டும்தான் பாக்குறான். ரிப்பேர் பாக்குறவன் அது மண்டையைப் போட்ட அன்னிக்குப் பாக்குறான். எதுல போச்சு, ஏன் போச்சு, திரும்ப எந்திரிக்க வைக்க எம்புட்டு ஆகும்னு அவனுக்குத்தான் தெரியும்.

நம்ம திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்க. 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாங்களே, அதே பூட்டுதான். வாங்க வர்றவன் கையில தூக்கிக் கனம் பாப்பான், பளபளப்பு பாப்பான், 'டக்'குன்னு விழுற சத்தத்தைக் கேட்டுச் சந்தோசப்படுவான். பட்டறையில உக்காந்திருக்கிறவன் உள்ள எத்தனை லீவர் கெடக்கு, சாவிப் பல்லு எப்படி அராவியிருக்குன்னு பாப்பான். திருட வர்றவனும் அதையேதான் பாப்பான். பளபளப்பைப் பாத்தது காசு குடுத்தவன் ஒருத்தன்தான்.

சரி, மொதல்ல ஒன் வேலையைப் பாப்போம்.

காலையில சைட்டுக்குப் போற. கையில சுருட்டுன பிளான். ஒரு ஓரம் காத்துல பறக்குது, இன்னொரு ஓரத்துல சிமெண்டுத் தண்ணி. மேஸ்திரி ஜன்னல் எங்க வருதுன்னு கேக்குறாரு, நீ பிளானைத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு வடக்கைத் தெக்குன்னு காட்டுற. அந்த எடத்துல டேப்பு தெய்வம்டா, நான் இல்லேங்கல. பிளானைப் பெரிசு பண்ணிக் காட்டலாம். கம்பி கட்டுனதைப் போட்டோ எடுத்து, அது மேலயே செவப்புல வட்டம் போட்டு அனுப்பலாம். கான்கிரீட் போட்ட நேரத்தை வாயால சொல்லியே எழுத வைக்கலாம். கூகுள்காரன் தமிழ்ல பேசுனா எழுதுற வசதியை 2017-லயே கொண்டாந்துட்டான். நீதான் இன்னும் மேஸ்திரிக்கு இங்கிலீசு எழுத்துல தமிழை உருட்டி அனுப்பிக்கிட்டிருக்க. அவரு பாவம், அதைப் படிச்சுச் சொல்லப் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வர்ற வரைக்கும் சாந்தைக் கொழைக்காம காத்திருக்காரு.

ராத்திரி வீட்டுக்கு வர்ற. இப்ப வேலை வேற. பில்லு போடணும். அந்த எக்செல் ஷீட்டுல ஒங்க இஞ்சினியரு மேக்ரோ எழுதி வச்சிருக்காரு, பட்டனை அமுக்குனா கம்பிக் கணக்கு தானா வந்து விழுது. டேப்புல இருக்கிற எக்செல்லுல அந்த மேக்ரோ ஓடாது. ஆட்டோகேடுல நாலு கோடு திருத்தணுமா? முழு ஆட்டோகேடு விண்டோசுலயும் மேக்லயும்தான் ஏறும். டேப்புக்குக் குடுக்குறது சுருக்குன பதிப்பு. டெண்டர் போடணுமா? டிஜிட்டல் கையெழுத்துக்கு யு.எஸ்.பி. டோக்கன் ஒண்ணை பீரோவுல பூட்டி வச்சிருக்கீங்களே, அது விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தேடித்தான் போகும். டெண்டர் கடைசி நாளு, மணி முடியப் போகுது, அந்தப் பலகையைக் கையில வச்சுக்கிட்டு நீ நிக்கிற நிப்பை இப்பவே நெனச்சுப் பாக்குறேன். பாக்க நல்லாத்தான் இருக்கு.

ஆக, கணக்கு லேசு. நின்னுக்கிட்டுச் செய்யுற வேலைக்கு டேப்பு. உக்காந்து செய்யுற வேலைக்கு லேப்டாப்பு. ஒனக்குப் பகல் பூரா நின்ன வேலை, ராத்திரி உக்காந்த வேலை. பிளஸ் டூ படிக்கையில அரசாங்கம் சும்மா குடுத்த லேப்டாப்பு கட்டிலுக்கடியில கெடக்கு பாரு, உங்க அப்பத்தா அதுமேல வடகம் காயப் போடுறதுக்குள்ள எடுத்துத் தொடை. உள்ள ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டச் சொல்லு. பில்லு போட அது போதும். ரெண்டையும் ஒரே சாமான்ல அடக்கணும்னு கெளம்புனவன் ரெண்டு சாமானு காசைக் குடுத்துட்டு அரை வேலை பாப்பான்.

"டேப்பு இப்பல்லாம் கம்ப்யூட்டருக்குச் சமம் தாத்தா"ம்ப. சொல்றது நீ இல்ல, வெளம்பரம். அந்தக் கதையையும் கேட்டுக்க.

ஆப்பிள்காரன் 2010-ல ஐபேடை எறக்குனான். கம்ப்யூட்டருன்னா கணக்குப் போடத்தானே? அதுல கால்குலேட்டர் இல்ல. தெருவுல கீரை விக்கிற அம்மா கூடைக்குள்ள ஒண்ணு கெடக்கு, அம்புட்டு வெல குடுத்து வாங்குன ஐபேடுல இல்ல. 14 வருசம் கழிச்சு, 2024-லதான் கொண்டாந்து சேத்தான். அதையும் பெரிய கண்டுபிடிப்பாட்டம் ஒலகத்துக்கே அறிவிச்சான்.

இன்னொண்ணு. 2007-ல அவன் போனு விட்டப்ப, ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில நின்னுக்கிட்டுக் குச்சி வச்சு எழுதுற சாமானையெல்லாம் கேலி பண்ணுனாரு. விரல் இருக்கையில குச்சி எதுக்குன்னாரு. அவரு போய்ச் சேந்து நாலு வருசத்துல, 2015-ல, அதே கம்பெனி பென்சிலுன்னு பேரு வச்சுக் குச்சியை வித்துச்சு. அந்தப் பென்சிலுக்குச் சார்ஜ் போடணும். சார்ஜ் போட அதைக் கொண்டுபோயி ஐபேடு வாயில சொருகணும். 2022-ல வந்த பத்தாந்தலைமுறை ஐபேடுல வாயே மாறிப்போச்சு. பழைய பென்சிலைச் சொருக நடுவுல ஒரு அடாப்டர் வேணும்னுட்டாங்க. பென்சிலுக்குச் சார்ஜு, சார்ஜுக்கு அடாப்டரு. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல பென்சிலுக்கு ஒரு பிளேடு போதும். சாம்சங் டேப்புக்கு வர்ற பேனா சார்ஜே இல்லாம எழுதும். எழுதத்தான் பேனான்னா, அதையும் ஒரு வார்த்தை வெசாரிச்சுக்க.

மலிவா வாங்குனா யோக்கியம்னு நெனச்சுராத. 2011 அக்டோபர்ல டெல்லியில ஆகாஷ்னு ஒரு டேப்பை மந்திரி கபில் சிபல் வெளியிட்டாரு. அரசாங்கத்துக்கு ஒண்ணு 2,276 ரூவாய்க்கு வந்துச்சு. ஒலகத்துலயே மலிவுன்னு கொண்டாடுனாங்க. திரையைத் தொட்டா நகராது, அமுக்கணும். மூளை 366 மெகாஹெர்ட்ஸ். ஒரு பக்கத்தைத் தொறக்கச் சொல்லிட்டு நீ டீ குடிச்சுட்டு வந்துரலாம். அடுத்த வருசமே, 2012 நவம்பர்ல, தொட்டா நகர்ற திரையும் 1 கிகாஹெர்ட்ஸ் மூளையும் வச்சு ஆகாஷ் 2-ஐ விட வேண்டியதாப் போச்சு. வெலையைக் கொறைச்சது தப்பில்ல, கொறைச்ச எடம் தப்பு. பிள்ளைக விரல் படுற எடத்துல கொறைச்சுட்டாங்க. இதை நல்லா முடிஞ்சு வச்சுக்க: கை படுற எடத்துலயும் கரண்டு போற எடத்துலயும் காசு பாக்காத. மத்த எடத்துல எவ்வளவு கஞ்சத்தனம் வேணாலும் பண்ணிக்க, நான் கத்துத் தாரேன்.

இந்தக் கீபோர்டு விசயம் இருக்கே, சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். டேப்பு லேசுன்னு வாங்குவ. அப்புறம் கீபோர்டு, அதைத் தாங்க ஒரு ஸ்டாண்டு, மௌசு, பேனா, எல்லாத்துக்கும் ஒரு பை. ஆப்பிள்காரன் 2024 வரைக்கும் வித்த 12.9 அங்குல ஐபேடு புரோவையும் அதுக்கு வித்த மேஜிக் கீபோர்டையும் சேத்துத் தராசுல வை. அவனே விக்கிற மேக்புக் ஏரைவிடக் கனமா நிக்கும். லேசா இருக்குன்னு வாங்கி, கனமாக்கி, லேப்டாப்பாட்டம் ஆக்குறதுக்கு லேப்டாப்பையே வாங்கலாமேன்னு கேட்டா எனக்கு வெவரம் தெரியலம்ப.

இப்ப ரிப்பேர் கடைக்கு வருவோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு தம்பி கடை வச்சிருக்கான். கடைன்னா எட்டுக்கு எட்டு. சாயந்தரமானா நான் அங்கதான் உக்காந்திருப்பேன். உங்க அப்பத்தா நான் கோயிலுக்குப் போறதா நெனச்சுக்கிட்டிருக்கா, நீயா ஒண்ணும் சொல்லிக்காத.

ஒரு நா ஒரு ஆளு டேப்பைக் கொண்டாந்தாரு. சார்ஜே ஏறல, புதுசு வாங்கலாம்னு இருக்கேன், பழசை எடுத்துக்கிட்டா எவ்வளவு தருவேன்னாரு. தம்பி ஒண்ணும் பேசல. பூதக்கண்ணாடி வெளக்கை இழுத்துப் போட்டான். சார்ஜ் சொருகுற ஓட்டைக்குள்ள மெல்லிசான ஊசியை விட்டு ஓரமா நெம்புனான். சட்டைப்பை நூலும் சிமெண்டுத் தூசியும் கெட்டிப்பட்டு ஊசி முனையில துண்டா வந்துச்சு. இன்னொரு நெம்பு, இன்னொரு துண்டு. ஒரு பொட்டு மருந்து தொட்டுத் தொடச்சான். ஒயரைச் சொருகுனான். பச்சை வெளக்கு எரிஞ்சுச்சு. அந்த ஆளு மூஞ்சியைப் பாக்கணுமே! ஊசி வேலைக்கு முப்பதாயிரம் செலவழிக்கக் கெளம்புன மனுசன், ஐம்பது ரூவாய்க்குப் பேரம் பேசுனாரு.

அந்தத் தம்பிகிட்ட என்ன கேக்கணும் தெரியுமா? எது நல்ல டேப்புன்னு கேக்காத, அவனுக்கு அது தெரியாது. எது அடிக்கடி மேசைக்கு வருது, எதனால வருதுன்னு கேளு. கண்ணாடி ஒடஞ்சு வருது, ஓட்டை தேஞ்சு வருது, பேட்டரி உப்பி வருதும்பான். அப்புறம் ஒவ்வொண்ணையும் தோண்டு.

கண்ணாடியைக் கேட்டா வேடிக்கையா ஒண்ணு சொல்லுவான். ஆப்பிளோட சாதா ஐபேடுல மேல இருக்கிற கண்ணாடி தனி, படம் காட்டுற தட்டு தனி. ஒடஞ்சா கண்ணாடியை மட்டும் மாத்திரலாம். வெலை ஒசந்த ஐபேடுல ரெண்டையும் சேத்து ஒட்டியிருப்பான். படம் கண்ணுக்கு இன்னும் கிட்ட, இன்னும் அழகா தெரியும். ஒடஞ்சா மொத்தத்தையும் மாத்தணும். சினிமா பாக்குறவனுக்கு ஒட்டுனது நல்லது, சாரத்துல ஏறுறவனுக்கு ஒட்டாதது நல்லது. இதை எந்த டை கட்டுன தம்பியாச்சும் ஒனக்குச் சொல்லுவானா?

அப்புறம் பாகம் எங்கேர்ந்து வரணும்னு கேளு. மதுரையில கெடைக்குமா, சென்னையில இருந்து வரணுமா, இல்ல சீனாவுல இருந்து கப்பல்ல வரணுமா? பேரே கேள்விப்படாத கம்பெனி டேப்பை ஆபர்ல வாங்கினவன் கண்ணாடிக்காகக் காத்துக் காத்து, கடைசியில அதை வச்சுப் பிள்ளைக்கு விசிறி விடுறதை நான் பாத்திருக்கேன். அப்டேட்டு எத்தனை வருசம் தருவான்னும் கேளு. அது நின்னுபோனா ஒடம்பு நல்லா இருந்தாலும் பேங்கு ஆப்பு ஒவ்வொண்ணா உள்ள விடாது.

பேட்டரிக்கு வெயில்தான் எமன். ஆப்பிள்காரனே எழுதி வச்சிருக்கான், 35 டிகிரிக்குள்ளதான் வேலை பாக்கணும்னு. சித்திர மாசத்துல நம்ம திண்டுக்கல்லுல 35 டிகிரி எங்கடா இருக்கு, கெணத்துக்குள்ளயா? சூடு மிஞ்சுனா அது தானா வெளிச்சத்தைக் கொறைச்சுக்கும், இன்னும் மிஞ்சுனா ஆறுன பெறகு வர்றேன்னு திரையில எழுதிக் காட்டிட்டுப் படுத்துக்கும். ஒங்க சித்தாளுகூட அப்படிச் சொல்ல முடியாது. அதனால டேப்பைச் செங்கல் அடுக்கு மேலயும் பைக்கு டேங்க்கு மேலயும் வைக்காத, நெழல்ல வை. வெயில்ல நிக்கையில சார்ஜ் போடாத.

பேட்டரின்னதும் ஒண்ணு சொல்லணும். அந்த லித்தியம் பேட்டரிக்கு வேலை செஞ்சவங்களுக்கு 2019-ல நோபல் பரிசு குடுத்தாங்க. மூணு பேருல ஒருத்தரு ஜான் குட்எனஃப். முக்கியமான கண்டுபிடிப்பை 1980-ல செஞ்சாரு, அறுபதை நெருங்குற வயசு. பரிசு வாங்குறப்ப 97. நோபல் வாங்குனவங்கள்லயே மூத்த ஆளு அவருதான். ஆக, ஒன் டேப்புக்கு உசுரு குடுத்தது ஒரு கெழவன்தான்டா. இனிமே நான் பேசுறப்ப "ஒங்களுக்கு டெக்னாலஜி தெரியாது தாத்தா"ங்காத.

தூசியும் தண்ணியும் படுற வேலைன்னா ஐபி 68-ன்னு போட்டிருக்கான்னு பாரு. மொத நம்பரு தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. சாம்சங்குல டேப் ஆக்டிவ்னு இந்த வேலைக்குன்னே விக்கிறான். ஆனா அந்தச் சோதனையெல்லாம் நல்ல தண்ணியில செஞ்சது. நம்ம போர் தண்ணியில சோறே வேக மாட்டேங்குது, அதுல முக்கி எடுத்து நண்பங்களுக்குக் காட்டாத.

சிம் போடுறதா, வைஃபை மட்டுமான்னும் முழிப்ப. வைஃபை மட்டும் இருக்கிற ஐபேடுல ஜி.பி.எஸ். கெடையாது. பிரதமர் வீட்டுத் திட்டத்துல கட்டுற வீட்டுக்கு எடக்குறியோட போட்டோ ஏத்தணும். காசை மிச்சம் புடிச்சுட்டு, கட்டுன வீடு எங்க இருக்குன்னே சொல்லத் தெரியாத சாமானைத் தூக்கிக்கிட்டு அலையாத.

கரண்டு போற எடத்துக்கு வா. முப்பதாயிரத்துக்கு டேப்பு வாங்குவ. சார்ஜர் மட்டும் பஸ்சுல ஏறி விக்கிறவன்கிட்ட நூறு ரூவாய்க்கு வாங்குவ. நம்ம பரம்பரையில எல்லாருக்கும் இந்தப் புத்தி உண்டு, உங்க அப்பனைக் கேளு. சார்ஜர், பவர் பேங்க் எல்லாத்துக்கும் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கணும். ஆர்-னு ஆரம்பிச்சு 8 இலக்கம். அச்சடிக்க எவனுக்கும் கை இருக்கு, அதனால பி.ஐ.எஸ். கேர்ங்கிற ஆப்புல அந்த நம்பரைத் தட்டிப் பாரு. எந்தக் கம்பெனி, எந்தச் சாமானுக்கு வாங்குன நம்பருன்னு காட்டும். சார்ஜர்ல இருக்கிற நம்பரு எல்.இ.டி. பல்புக்கு வாங்குனதுன்னு காட்டுனா, கடைக்காரன்கிட்டச் சண்டை போடாத. சிரிச்சுக்கிட்டே திருப்பிக் குடுத்துட்டு வா. ஒயரும் அப்படித்தான். உள்ள சில்லு இல்லாத சாதா டைப்-சி ஒயரு 60 வாட்டு வரைக்கும்தான் தாங்கும். டேப்புக்கு அது தாராளம். நூறு வாட்டு ஒயரைத் தலையில கட்டுனான்னா, கட்டுனவன் கெட்டிக்காரன்.

டேப்போட நிக்கக் கூடாது பேராண்டி. நீ தெனமும் தூக்குற, மாட்டுற, மிதிக்கிற எல்லாத்துக்கும் இதே சட்டம்தான்.

பை வாங்கணுமா? பை தைக்கிறவரைக் கேளு. துணி கிழிஞ்சு வர்ற பை கொறவு, ஜிப்பு போய் வர்றதுதான் அதிகம்பாரு. அடுத்தது தோள்பட்டைப் பட்டை பிச்சுக்கிட்டு வர்றது. அதனால வெளிய எத்தனை பாக்கெட்டுன்னு எண்ணாத, ஜிப்பைப் பத்துத் தடவை இழுத்துப் பாரு. பட்டை பையில சேர்ற எடத்துல பெருக்கல் குறி போட்டுத் தைச்சிருக்கானா பாரு. ஜிப்பு ஓட்டியில ஒய்.கே.கே.ன்னு போட்டிருந்தா, 1934-ல ஜப்பான்ல ஆரம்பிச்ச கம்பெனி சரக்கு. அந்த மூணெழுத்தைப் போட்டே போலியும் வருது, அதனால எழுத்தைப் பாத்துட்டு இழுக்காம வந்துராத.

செருப்பா? செருப்புத் தைக்கிறவரைக் கேளு. அடிப்பாகம் ஒட்டுனதா, தைச்சதான்னு பாப்பாரு. ஒட்டுனது மழையில வாயைப் பொளக்கும். தைச்சதுக்கு மறுபடியும் அடி மாத்தலாம். மாத்த முடியாத செருப்பை எம்புட்டு வெல குடுத்து வாங்குனாலும் அது வாடகைச் செருப்புத்தான்.

தண்ணி பாட்டிலா? உங்க சித்தப்பன் காந்தத்தைப் பையில வச்சுக்கிட்டு அலையுவான். ஒட்டலேன்னா அசல் எவர்சில்வர்ம்பான். ஒட்டாதது 304-ஆவும் இருக்கலாம், 202-ஆவும் இருக்கலாம். 304-ல பதினெட்டு பங்கு குரோமியம், எட்டு பங்கு நிக்கல். 202-ல நிக்கலைக் கொறைச்சு மாங்கனீசை ஏத்தியிருப்பான், வெலை கம்மி, துருவுக்கும் கொஞ்சம் எளக்காரம். ரெண்டுமே காந்தத்துக்கு மசியாது. அதனால 304-னு பில்லுல எழுதித் தரச் சொல்லு. எழுதித் தர யோசிக்கிற கடைக்காரன் பதில் சொல்லிட்டான்னு அர்த்தம். உங்க சித்தப்பன்கிட்ட மட்டும் இதைச் சொல்லாத, அவனுக்குன்னு இருக்கிற ஒரே அறிவு அது.

தலைக்கவசமா? அதுக்கு ரிப்பேர் பாக்குறவன் யாருன்னு கேக்குறியா? பெரியாஸ்பத்திரி அவசர வார்டு டாக்டரு. அவரு தலைக்கவசத்தை ரிப்பேர் பாக்க மாட்டாரு, அதுக்குள்ள இருந்ததைப் பாப்பாரு. பைக்குக்கு ஐ.எஸ். 4151, சைட்டுக்கு ஐ.எஸ். 2925, ரெண்டுலயும் ஐ.எஸ்.ஐ. முத்திரை. ரோட்டோரத்துல இருநூறு ரூவாய்க்கு விக்கிறது போலீசுக்குக் காட்ட மட்டும்தான் ஆகும். சைட்டுத் தொப்பியைப் போட்டுக்கிட்டுப் பைக்கு ஓட்டுறியே, அதைப் பாத்துத்தான் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுது.

எங்க கஞ்சத்தனம் பண்ணலாம்னு கேளு, அதையும் சொல்றேன். போன வருசத்து மாடலு வாங்கு. ஒன் பிளானைத் தொறக்க அது போதும். தோலு மாதிரி தெரியுற கவர் வேணாம், நாலு மூலையும் தடிப்பா இருக்கிற ரப்பர் கவர் போதும். கண்ணாடிக்கு மேல ஒட்டுற கண்ணாடி மலிவானதே போதும், அது ஒடையுறதுக்குன்னே பொறந்தது. கேமரா எத்தனை மெகாபிக்சல்னு பாக்காத, ஒன் மூஞ்சிக்கு இருக்கிறது போதும். பேட்டரி, பாகம், அப்டேட்டு, சார்ஜரு, இதுல மட்டும் கையைச் சுருக்காத.

இவ்வளவும் கேட்டுட்டு நீ தலையை ஆட்டுற ஆட்டுல, நாளைக்குக் காலையில அந்த டை கட்டுன தம்பி கடையில போயி நிப்பேன்னு தெரியுது. போறதுக்கு முன்னாடி ஒரு நடை ரிப்பேர் தம்பியைப் பாத்துட்டுப் போ. எல்லாக் கேள்வியும் கேட்டு முடிச்சுட்டு, கடைசியா "நீ என்னப்பா வச்சிருக்க?"ன்னு கேளு. ஊர் டேப்பையெல்லாம் பிரிச்சுப் பாத்தவன், தன் காசைப் போட்டு எதை வாங்கியிருக்கான்னு பாரு. மேசைக்கு அடியில இருந்து எடுத்துக் காட்டுவான். அது எந்த மாடலுன்னு எனக்குத் தெரியும், ஆனா நான் சொல்ல மாட்டேன். சொன்னா நீ அங்க போக மாட்ட.

நீ அங்க போயே ஆகணும். போறப்ப, இன்னாரு பேரன்னு சொல்லு, நல்லாக் கவனிப்பான். என் ரேடியோவுக்கு ஐ.சி. மாத்துன பாக்கி ஒண்ணு ரொம்ப நாளா நிக்குது, பேரன் வந்து குடுத்துருவான்னு நேத்தே சொல்லி வச்சிருக்கேன். பர்சை மறந்துட்டுப் போயிராத.